பங்காளி வாசலில் மட்டும் கேட்ட சத்தம்

என் ஜீப்பின் அடியிலிருந்து முதல் தடவை ‘கடக்’ என்று சத்தம் வந்தபோது, நான் முதலில் செய்தது பிரேக்கை மிதித்தது அல்ல. என் பெரியப்பா மகனைச் சபித்தேன். பிரேக் அதற்குப் பிறகுதான்.

காரணம் இல்லாமல் இல்லை. அவன் என்னைவிட ஆறு மாதம் மூத்தவன். அந்த ஆறு மாதத்துக்காக அவனை அண்ணே என்று கூப்பிட்டு வளர்ந்தவன் நான். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது என் அப்பாவும் பெரியப்பாவும் பயந்துபோய், இருந்த நிலத்தைத் துண்டு துண்டாக்கி, வீட்டில் உள்ள ஆண், பெண், தொட்டில் குழந்தை என்று எல்லார் பேரிலும் எழுதிவைத்தார்கள். காகிதத்துக்குத்தானே என்று சிரித்துக்கொண்டே எழுதினார்கள். அவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்ததும் காகிதம் சிரிக்க ஆரம்பித்தது. தார் ரோட்டிலிருந்து என் வயலுக்குப் போகிற வண்டிப்பாதை, அவன் வீட்டை ஒட்டிப் போவது, அவன் பேரில் இருந்தது.

அவன் கட்சி ஆட்சிக்கு வந்தால் பாதையில் முள்வேலி எழுந்து நிற்கும். என் கட்சி வந்தால் வேலி படுத்துக்கொள்ளும். மற்றபடி இரண்டு பேரும் கட்டுவது கரை வேட்டிதான். தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டு நாய்க்கே குழப்பம் வரும். நான் சொல்லும் வருடம் வேலி ஆள் உயரத்துக்கு நின்றது.

“வந்து ஒரு வார்த்த கேக்கச் சொல்லுங்க, தொறந்து விடுறேன்” என்று டீக்கடையில் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டால் பாதை அவனுடையது என்று ஊரறிய நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அடுத்த வருடம் திறக்கமாட்டான். பாதை இல்லாத வயலை யார் வாங்குவார்கள்? அவன்தான் வாங்குவான். செத்தாலும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். கேட்காமல் நெல்லை வெளியே கொண்டுவர எனக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது.

ஏலத்தில் ஒரு பழைய அரசாங்க ஜீப் கிடைத்தது. மன்னார்குடியில் ஒரு மெக்கானிக், நல்ல வாய்க்காரர், அதன் ஸ்பிரிங்குகளில் கூடுதல் பட்டைகள் வைத்து உடம்பைத் தூக்கி, பெரிய டயர்களை மாட்டிக் கொடுத்தார். வேட்டியை மடித்துத் தூக்கிக் கட்டிக்கொண்டு சண்டைக்கு நிற்கிற ஆள் மாதிரி இருந்தது. இதில் ஏறி, அவன் வாசலுக்கு எதிரே உள்ள பாலத்தடியில் சரிந்து, வாய்க்காலுக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நேராக என் வயலுக்குப் போய்விடுவேன். வாய்க்கால் புறம்போக்கு. அதில் வேலி போட எந்தக் கட்சியாலும் முடியாது.

முதல் நாள் நான் வாய்க்காலில் போனதை அவன் காபி டம்ளரோடு நின்று பார்த்தான். காபி ஆறி ஆடை கட்டும்வரை பார்த்தான். அந்தச் சுகம் எனக்கு விட்டுப்போகவில்லை. வயலில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையும் மாலையும் அவன் வாசல் வழியாக ஒரு சுற்று. வண்டியில் இரண்டு லிவர். சின்ன லிவரைப் போட்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சேற்றுக்கு உண்டானது அது. அதைப் போட்டால் வண்டி அடிவயிற்றிலிருந்து உறுமும். அவன் வாசலுக்கு இருபது அடி முன்னால் நான் மரியாதையாக அந்த லிவரைப் போட்டுக்கொள்வேன்.

அவன் சும்மா இருக்கவில்லை. என் வண்டி வருகிற சத்தம் கேட்டால், தன் டிராக்டர் டிரெய்லரைப் பாலத்துச் சரிவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, “டயரு பஞ்சருப்பா, என்ன பண்றது” என்று வானத்தைப் பார்ப்பான். முந்தினால் நான், தூங்கினால் அவன். இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கடக்.

கடக் இரண்டு நாளில் கடகட ஆனது. வேகம் கூடினால் அதுவும் கூடியது. பாலத்தருகே திரும்பும்போது ஸ்டீயரிங் கையை வெட்டியது. எனக்குச் சந்தேகமே இல்லை; அவன் ஆள் வைத்து ஏதோ செய்துவிட்டான். டீசல் டேங்கில் சர்க்கரை போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு நக்கிப் பார்த்தேன். இனித்தால் அவன் மேல் கேஸ். இனிக்கவில்லை. சத்தம் வருவது வண்டியின் அடியில், சர்க்கரை போகிற இடம் என்ஜின் என்கிற விஷயம் எனக்கு அப்போது தோன்றவில்லை. பயத்தில் மனிதன் நாக்கை முதலில் நீட்டிவிடுகிறான்.

என் மனைவி கொல்லையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, காபிக்கு அதையே எடுத்துக்கவா, இல்ல தனியா போடணுமா?”

“அவன சும்மா விடமாட்டேன். ஆர்க்காட்டுப் பக்கத்து வாத்துக்காரங்க வந்துருக்காங்க. அறுக்காத வயல்ல ஒரு பட்டி வாத்த எறக்கி விட்டா எப்புடி இருக்கும்?”

“நல்லாத்தான் இருக்கும். அப்புறம் அது நம்ம வயலுக்கும் வரும். வாத்துக்கு யார் பேர்ல பட்டான்னு தெரியுமா?”

வாத்துத் திட்டத்தைக் கைவிட்டேன். நாகூர் தர்காவில் சர்க்கரை வைத்து ஓதுவதாக நேர்ந்துகொண்டேன். அதிலும் சர்க்கரைதான், மனம் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

மன்னார்குடிக்கு வண்டியைக் கொண்டுபோனேன். வழி முழுக்க வண்டி பூனை மாதிரி வந்தது. மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து, குளத்தைச் சுற்றி ஓட்டச் சொன்னார். ஒரு சத்தமும் இல்லை.

“எங்கண்ணே சத்தம்?”

“ஊர்ல கேட்டுச்சு தம்பி. நெஜமா.”

அவர் என்னைப் பார்த்த பார்வை, பேய் பிடித்ததாகச் சொல்கிறவரைப் பூசாரி பார்ப்பது போல இருந்தது. ஆனாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் அவருக்கு இல்லை. சக்கர பேரிங்கை மாற்றினார். ஊருக்கு வந்தேன்; கடகட. திரும்பப் போனேன். கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றினார். ஊருக்கு வந்தேன்; கடகட. மூன்றாம் தடவை போனபோது ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: “பின்னாடி அச்சுல கிரவுன் வீல் பல்லு போயிருச்சுண்ணே. எறக்கித்தான் பாக்கணும். சாமான் திருச்சியிலேர்ந்து வரணும். எப்புடியும் மாசி பொறந்துரும்.”

தை நடந்துகொண்டிருந்தது. என் வயல் அறுத்து, அடித்து, நெல்லெல்லாம் மூட்டை பிடித்து வயல் நடுவிலேயே களத்தில் கிடந்தது. கிழக்கே கடல் பக்கம் வானம் இரண்டு நாளாகக் கறுத்துக் கறுத்துக் கலைந்தது. ஒரு மழை போதும், மூட்டைக்குள்ளேயே முளைவிட்டுவிடும். ஊரில் ஒருவர் விடாமல் சொன்னார்கள், “அண்ணந்தானே, போய் ஒரு வார்த்த கேளுங்களேன்.” வேலிக்கு அந்தப் பக்கம் அவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரிவதாக எனக்குத் தோன்றியது. நான் வந்து கேட்கிற நாளுக்காகத் தைத்திருப்பான்.

மாசிவரைக்கும் காத்திருக்க முடியாது. கடகட சத்தத்தோடேயே ஒரு நடை அடித்துப் பார்த்துவிடுவது என்று மறுநாள் மதியத்துக்குமேல் கிளம்பினேன். அவன் வாசலுக்கு வந்ததும் வண்டி பல்லைக் கடித்து ஒரு வெட்டு வெட்டி நின்றுவிட்டது. சரியாக அவன் வீட்டுக்கு நேரே. வாசலில் கட்டியிருந்த பசுவுக்கு அவன் வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தான்.

பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் எதிரெதிரே அகப்பட்டுக்கொண்டால் எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. எதிரியின் முகத்தைப் பார்க்கக் கூடாது. வாயில்லாத எதையாவது பார்த்துப் பேசலாம். அவன் பசுவைப் பார்த்துப் பேசினான்.

“ஏம்மா, கேட்டியா இந்த நியாயத்த. ஊரெல்லாம் ஓடுது அந்த வண்டி, ஒரு சத்தங் கெடையாது. கடத்தெருவுல கெடையாது. வாய்க்கா சேத்துல எறங்கிப் போறப்பக்கூட கெடையாது. நம்ம வாசலுக்கு வந்தா மட்டும் கடகடகடன்னு. அது வண்டி சத்தமா? கொழுப்பு.”

நான் ஸ்டீயரிங்கிடம் சொன்னேன், “பாத்தியா, நம்ம வண்டி ஓடுனா சில பேருக்கு வயித்தெரிச்சல்.”

“அதுலயும்,” என்றான் பசுவிடம், “கால அழுத்துனா கம்முன்னு இருக்கும். எடுத்தாத்தான் கத்தும். திரும்புறப்ப நறநறன்னும். தெனம் ரெண்டு வேள கேக்குறேன், எனக்குத் தெரியாதா? அப்பிடியே பழக்கி வச்சிருக்கு நமக்குன்னு.”

பதிலுக்கு ஒன்று தயாராக வைத்திருந்தேன். சொல்ல வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது. ஊரில் வேறு யாரும் என் வண்டியை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. மெக்கானிக்கும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வாசலைத் தாண்டும்போது என் காதில் பகைதான் இரைந்துகொண்டிருக்கும். கடைத்தெருவில் இல்லை. சேற்றில் இல்லை. இந்த வாசலில் மட்டும். இந்த வாசலில் மட்டும் நான் என்ன செய்கிறேன்?

என் இடது கை சின்ன லிவரின் மேல் இருந்தது.

லிவரை எடுத்தேன். அடியில் எதுவோ பெருமூச்சு விட்டதுபோலத் தளர்ந்தது. ஸ்டார்ட் செய்து, காலை அழுத்தி, எடுத்து, பாலத்தருகே திரும்பி, வீட்டுக்கே வந்துவிட்டேன். சத்தம் இல்லை.

மறுநாள் விடிந்ததும் வண்டிக்கடியில் படுத்தேன். முன்சக்கரங்களுக்குப் போகிற ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினால், அதன் மூட்டில் இருக்கிற கிராஸ் என்கிற சிலுவை வடிவ இரும்பு, ஆடுகிற பல் மாதிரி ஆடியது. கழற்றி மூடியைத் தட்டினால், உள்ளே ஊசி ஊசியாக உருளவேண்டிய பேரிங் குங்குமம்போலச் சிவப்புப் பொடியாகக் கொட்டியது. விஷயம் இவ்வளவுதான். முன்னும் பின்னும் சேர்ந்து இழுக்கும்போது, சேறு கொஞ்சம் வழுக்கிக் கொடுத்துச் சமாளித்துவிடும். அவன் வாசலில் இருப்பது தார் ரோடு; அது வழுக்காது. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று முறுக்கும்; அந்த முறுக்கெல்லாம் கிராஸில் போய் விழும். வண்டியைத் தூக்கிக் கட்டியதில் ஷாஃப்ட் ஏற்கனவே கோணலாக நின்றது. அதன்மேல் தினம் இரண்டு வேளை நான் உறுமியிருக்கிறேன்.

ஷாஃப்டைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி மெக்கானிக்கிடம் போனேன்.

“இதத்தாண்ணே நானும் நெனச்சேன்” என்றார்.

“நெனச்சிக்கிட்டே இருங்க. பேரிங்கும் ஆயிலும் மாத்துன புண்ணியத்துக்கு இன்னக்கி என் கண்ணு முன்னாலயே முடிக்கிறீங்க” என்று அவருடைய ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவருக்கு உட்கார வேறு இடம் இல்லை. சாயங்காலம்வரை நின்றுகொண்டே வேலை பார்த்தார். புதுக் கிராஸ் போட்டார். ஷாஃப்டின் கோணலைக் குறைக்க, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் வைக்கும்படி லேத்தில் இரண்டு இரும்பு ஆப்புகள் கடைந்து வாங்கினார். ஆளோடு ஊருக்கே வந்து மாட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வானம் தாழ்ந்து நின்றது. லிவரைப் போடாமல், இரண்டாவது கியரில், அவன் வாசலைத் தாண்டினேன். சரிவில் இறங்கி வாய்க்கால் தண்ணீரில் சக்கரம் பட்ட பிறகுதான் லிவரைப் போட்டேன். வண்டி மூச்சுக்கூட விடவில்லை. அறுவடைக் காலம், ரோட்டில் டிராக்டர்களாக ஓடிக்கொண்டிருந்தன. அவன் காது கடகடவுக்குப் பழகிய காது. அது வராதவரை நான் வரவில்லை. டிரெய்லர் கொட்டகையிலேயே கிடந்தது. மூட்டைகள் நடை நடையாக அவன் வாசல் வழியே என் வீட்டுக்குப் போனபோது அவன் உள்ளே ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைசி நடைக்கு மட்டும் அவன் வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஓசைப்படாமல் போயிருக்கலாம். அவ்வளவு நல்லவனாக என்னை யாரும் வளர்க்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டுப் பசுவிடம் சத்தமாகச் சொன்னேன்:

“ஏம்மா, ஒன் வீட்டுக்காரர்ட்ட சொல்லிரு. மன்னார்குடியில மூணு தரம் பாத்தும் கண்டுபிடிக்க முடியாத சீக்கு. இந்த வாசல்ல நின்னு கேட்டுச் சொன்னாரு பாரு, அதுல சரியாப் போச்சு. அவர் சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. நெல்லு பூராவும் வந்துருச்சு. பெரிய ஒத்தாச பண்ணிருக்காருன்னு டீக்கடையிலயும் சொல்றேன்.”

சாப்பிட்ட கையோடு வெளியே வந்தான். மூட்டைகளைப் பார்த்தான். வேலியைப் பார்த்தான். முறையை மீறி என் முகத்தையும் ஒருதரம் பார்த்துவிட்டான். விரலில் ஒட்டிய பருக்கைகள் காய்ந்துகொண்டிருந்தன.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை வழக்கம்போல அந்தப் பக்கம் ஒரு சுற்றுப் போனேன். வேலி நனைந்து நின்றது. பசுவை மட்டும் காணோம். கொல்லைப் பக்கம் மாற்றிக் கட்டிவிட்டிருந்தான்.