மாட்ரிட்டில் நம்ம பேப்பர்

ஸ்பானிஷ் செய்தித்தாள்களைப் படிப்பதுதான் என் வேலை. தினமும் காலையில் கே.கே. நகர் வீட்டில் லேப்டாப்பைத் திறந்து, எந்தச் செய்தியை எந்தப் பத்திரிகை எப்படி எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சுருக்கி நிறுவனத்துக்கு அனுப்புவேன். கல்லூரியில் விளையாட்டாகக் கற்ற மொழி இன்று சோறு போடுகிறது.

திருவாதவூரில் இருக்கும் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதும் என்னோடு கூட்டிவந்தேன். கொஞ்ச நாள் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் பேப்பர் இல்லாமல் பொழுது விடியாது. அதுவும் அவருடைய கட்சிப் பேப்பர்தான் வேண்டும். மற்றதை வடை எண்ணெய் ஒற்றக்கூடத் தொட மாட்டார். நான் வாசித்துக் காட்டினேன். அது சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு கறுப்புக் கண்ணாடியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

“நீ படிக்கிறது எந்தக் கட்சிப் பேப்பருத்தா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சொன்னேன். ஒன்று நூறு வயதைத் தாண்டியது, ராஜா பக்கம் நிற்பது. இன்னொன்று அந்த நாட்டுச் சர்வாதிகாரி இறந்த கொஞ்ச நாளில் பிறந்தது, ஜனநாயகம் வேண்டும் என்று எழுதி வளர்ந்தது, இடது பக்கம் கொஞ்சம் சாயும்.

“அங்கயும் அப்படி ஒருத்தன் இருந்தானா?”

“ரொம்ப வருஷம் இருந்தாருப்பா. அவரு போடவிட்டதுதான் பேப்பர்ல வரும்.”

அப்பா யோசித்தார். “அப்ப ரெண்டாவதுதான் நம்ம பேப்பர்.”

மறுநாளிலிருந்து, “நம்ம பேப்பர் என்னத்தா சொல்லுது?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

அந்த வாரமே அவருடைய கூட்டாளி, ஊரிலிருந்து கத்தரிக்காயோடு பார்க்க வந்தார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் எதிர்க்கட்சி. தேர்தல் நாளில் இருவரும் பூத்துக்கு வெளியே ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள், சாயங்காலம் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போவார்கள். அப்பா பெருமையாக ஸ்பெயின் அரசியலைச் சொல்லி முடித்ததும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப அந்த ராஜா பேப்பர் என்னுது மாப்ள. அதப் படி மருமகளே, அவுக என்ன போட்டிருக்காகன்னு கேப்போம்.”

ஊருக்குத் திரும்பிய பிறகும் தினமும் நான் படிக்கும் நேரத்துக்குப் போன் செய்தார்; ஸ்பீக்கரில் போடுவேன். ஸ்பெயின் பிரதமருக்காக என் வீட்டு ஹாலில் சண்டை நடந்தது.

ஒரு காலை ‘நம்ம பேப்பர்’ தான் ஆதரித்துவந்த இடதுசாரி அரசையே கண்டித்துத் தலையங்கம் எழுதியிருந்தது. அதை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மனம் வரவில்லை. முழுதாகத் தமிழில் சொன்னேன்.

“எவன் எழுதுனது? வெல போயிட்டானா?”

“இல்லப்பா. நம்மாளா இருந்தாலும் தப்புன்னா தப்புன்னு எழுதுவாங்க.”

மாமாவின் சிரிப்பு போனில் அடுப்படி வரை கேட்டது. “ஒம் பேப்பரே எங்க பக்கம் வந்திருச்சு மாப்ள!”

அப்பா போனை வைத்துவிட்டார். அன்று டீயையும் ஆறவிட்டார். மத்தியானம் சாப்பிடும்போது கேட்டார்: “நம்ம ஊர்ல நான் வாங்குற பேப்பரு, நம்மாள என்னைக்காச்சும் இப்படித் திட்டியிருக்கா?”

“நான் பாத்ததில்லப்பா.”

“நானும் பாக்கல.” ரசம் ஊற்றச் சொன்னார். கை கழுவிவிட்டு வந்து, “அந்த ராஜா பேப்பர்ல என்ன போட்டிருக்கான்? அம்புட்டயும் படி” என்றார். அதற்காக ஊர்ப் பேப்பரை மாற்றிவிடவில்லை. இன்றும் அதே கட்சிப் பேப்பர்தான் வாங்குகிறார்.

கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, வந்ததும் வராததுமாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். முதல் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“இதென்னத்தா, ஏபிசிடியா இருக்கு? இம்புட்டு நாளா வேற என்னமோ எழுத்துன்னுல்ல நெனச்சிருந்தேன்” என்றவர், மாமாவிடம் சொல்லப் போனைத் தேடினார்.