கழுகு இறங்கிய நாள்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவருக்குப் பெயரே கழுகுதான். பத்தொன்பது வருடமாக டவர் கிரேன் உச்சியில், ஒற்றை ஆள் உட்காரும் கேபினிலிருந்து ஊரையே குனிந்து பார்த்தவர். தரையில் நடப்பவர்கள் மேல் அவருக்குக் கொஞ்சம் இளக்காரம்கூட உண்டு. வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. கீழே நின்று வாக்கி டாக்கியில் வழி சொல்வது அவர் மனைவியின் தம்பி.

செவ்வாய்க்கிழமை காலை, கம்பிக்கட்டைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்தியிருந்தபோது, கிரேன் தானாக இடப்பக்கம் சுற்றுவது போலிருந்தது. அப்படிச் சுற்றினால் எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். பழகிய கை, யோசிக்காமல் லிவரை வலப்பக்கம் தள்ளிவிட்டது. சுற்றியது கிரேன் அல்ல, அவர் தலை. சும்மா நின்ற கிரேனை அவரே சுழற்ற, கம்பிக்கட்டு மைத்துனனின் ஹெல்மெட்டை உரசிக்கொண்டு போனது.

"திடீர்னு ஒரு காத்து சார்" என்று அவனே இன்ஜினியரிடம் சொல்லிச் சமாளித்தான். அன்று ஒரு இலைகூட அசையவில்லை.

சாயங்காலம் டாக்டர் சீட்டில் எழுதினார்.

"வெர்டிகோ. லத்தீன்ல 'வெர்டெரே'ன்னா திருப்புறது, சுழற்றுறது. அதுலேர்ந்து வந்த பேரு. நீங்க சும்மா இருந்தாலும் உலகம் சுத்துற மாதிரி இருக்கும்."

"பேரு கெடக்கட்டும் சார், எப்பப் போகும்?"

"மாத்திரை தரேன். ஆனா மறுபடி எப்ப வரும்னு சொல்ல முடியாது. இனிமே உயரத்துல வேலை வேண்டாம்."

சுழற்றியே சோறு தின்ற மனிதருக்கு வந்து வாய்த்த நோயைப் பாருங்கள்! என்ன வயிற்றெரிச்சல் இது!

மனைவியிடம் அவர் மூச்சு விடவில்லை. மறுநாள் காலை சீட்டை மைத்துனனிடம் மட்டும் காட்டிவிட்டு, இரும்பு ஏணியில் ஏறத் தொடங்கினார். பாதி ஏறியதும் இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி பேசியது.

"மாமா, தலைச்சுத்து வர்ற மாதிரி இருந்தா முன்னாடியே சொல்லுங்க. நான் ஒதுங்கிக்கறேன்."

குனிந்து பார்த்தார். அதே இடம், கீறல் விழுந்த அதே ஹெல்மெட். மெல்ல இறங்கினார்.

"நேத்து காத்து இல்ல சார். நான்தான்" என்று இன்ஜினியரிடம் சீட்டை நீட்டினார். டாக்டர் சொன்ன லத்தீனையும் பிசகாமல் ஒப்பித்தார்.

மத்தியானம் வேறொருவர் கேபினில் ஏறினார். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, சுழலும் கிரேனைக் கழுகு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கழுத்துதான் வலித்தது. தலை சுற்றவே இல்லை. அதற்குத்தான் அவருக்கு அழுகை வந்தது.