கடல் வரையாத தாள்

“வரைபடத்தையே தலைகீழா அட்டை போட்டு வெச்சிருக்க. நீ பூகோளம் படிச்சு என்னடி பண்ணப் போற?” என்று ஏழாம் வகுப்பில் டீச்சர் என் நோட்டைத் தூக்கிக் காட்டியபோது, வழவழப்பான அந்த அட்டையிலிருந்து “கவுச்சி” வாடை வகுப்பு முழுக்கப் பரவ, முன்வரிசைப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சென்னைப் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்ற என் அம்மா, மந்தைவெளியில் வாடிக்கையாக மீன் கொடுக்கும் ஒரு வீட்டிலிருந்து பழைய காகிதங்கள் வாங்கி வருவாள். அந்த வீட்டு மகன் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் படித்துத் திரும்பியவன். அவனுடைய காகிதங்களுக்குள்தான் அந்த வரைபடம் இருந்தது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு பகுதி மட்டும் பெரிதாக அச்சாகியிருந்தது: வாய்க்கால்கள், பாலங்கள், செங்கல் நிறத்தில் நேர்கோடாக நிற்கும் கிடங்குகள், நான் எழுத்துக்கூட்டிப் படித்த “கேர்வீடர்” என்ற பெயர். ஆறு தாளின் கீழ்ப்பக்கம் ஓடியது. எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் குப்பத்தில் கடலைப் பார்த்து நின்றுதான் இடம் வலம் சொல்வார்கள். மணலில் கோடு கிழித்து எதை விளக்கினாலும் மேலே கடல், கீழே கரை. அதனால் தண்ணீர் மேலே வரும்படி திருப்பி அட்டை போட்டேன். நைனாவும் பார்த்துவிட்டு, “இப்பத்தான் ஊரு மாதிரி கீது” என்றார்.

வரைபடத்தில் மேல்பக்கம் வடக்கு என்று டீச்சர் அன்று சொன்னதை வீட்டில் நான் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்திலேயே பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று சொல்லக் கர்வம் விடவில்லை.

சில மாதம் கழித்து, வீடுகளைக் கணக்கெடுக்க அரசு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். வெயிலில் தெருவுக்குள் இறங்காமல், வலை பின்னும் வலைக்கூடத்து நிழலில் உட்கார்ந்து, கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாளை விரித்து, அவரவர் வீட்டைக் காட்டச் சொன்னார். தாளில் கடல் வரைந்திருக்கவில்லை. நைனா மேலிருந்து மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

“நல்லா பாத்து சொல்லுப்பா.”

“இன்னா சார், என் வூடு எனுக்குத் தெரியாதா? கடல்லேர்ந்து மூணாவது.”

பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா, “அவரு வூட்ட ஒட்டியே எங்குளுத எழுதிக்க சார். தள்ளி எழுதிட்டா அப்பால சண்ட போட எனுக்கு ஆளு இருக்காது” என்றாளாம். இப்படியே எங்கள் வரிசை மொத்தமும் நைனாவின் விரலுக்குப் பின்னால் போனது. அந்தத் தாளில் மேல்பக்கம் வடக்கு; அவர் தொட்ட இடமோ வடக்கே வலை காயப்போடும் வெறும் மணல். சாயங்காலம் அம்மா இதைச் சிரித்துச் சிரித்து நடித்துக் காட்டியபோது எனக்கு டீச்சர் சொன்ன வடக்கு ஞாபகம் வந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

கல்லூரியில் புவியியல் எடுத்தேன். அங்கேதான் அந்த ஹாம்பர்க் பகுதியைப் பற்றிப் படித்தேன். கிடங்குகளுக்கு முன்னால் அங்கே துறைமுகத் தொழிலாளர்களும் வியாபாரிகளுமாக ஆயிரக்கணக்கானோர் குடியிருந்தார்கள். சுங்கவரி இல்லாத துறைமுகம் கட்டுவதற்காக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீடுகளை இடித்து அவர்களை வெளியேற்றினார்கள். கேர்வீடர் என்றால் “திரும்பி வா” என்று பொருளாம். பெயர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. நான் ஆசையாக அட்டை போட்டது, ஆட்கள் போன பிறகு வரைந்த படம்.

இந்த ஆண்டு எங்கள் குப்பத்தை இடிக்கத் தொடங்கினார்கள். அதே இடத்தில் கட்டப்போகும் வீடுகளுக்கு அந்தப் பழைய கணக்கை வைத்துப் போட்ட பட்டியலில் எங்கள் வரிசையில் ஒருவர் பெயரும் இல்லை. நைனா காட்டிய கட்டத்துக்கு நேரே “காலி மணல்” என்று இருந்தது. எங்களுக்கு ஊருக்கு வெளியே, கடல் தெரியாத ஓர் இடம். முன்னால் இருந்த இரண்டு வரிசைகளும் வலைக்கூடமும் இப்போது இல்லை. நைனா யாரிடமும் விரல் நீட்டிப் பேசுவதில்லை.

“டீச்சர் எனக்குச் சொன்னாங்க நைனா. நான்தான் உன்கிட்ட சொல்லல” என்றேன்.

நைனா கையால் மணலைச் சமப்படுத்தினார். “சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருப்பனா? இப்ப சொல்லு, மேல எது?”

இருவருமாக நாடா பிடித்து வீடு வீடாக அளந்தோம். வடக்கை மேலே வைத்து வரைந்தேன். வலப்பக்கம் நீலமாகக் கடல். வரிசையில் எல்லாரும் கையெழுத்தும் கைநாட்டும் போட்ட மனுவோடு அந்தப் படத்தை நேற்று அலுவலகத்தில் கொடுத்தேன்.

“கடலெல்லாம் எதுக்கும்மா வரைஞ்ச? வீடு போதாதா?” என்றார் அங்கிருந்தவர்.

“இருக்கட்டும் சார்” என்றேன்.

என் நகலில் அவர் குத்திய முத்திரை அந்த நீலத்தின் மேல்தான் விழுந்திருக்கிறது.