சத்தமில்லாமல் வைத்த கட்டைகள்

2005 வாக்கில் என் தங்கை மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். பெஞ்சில் உட்கார மாட்டாள். எழுதச் சொன்னால் பாதி வரியில் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். புத்தி போதவில்லை, மதுரையில் சோதித்து ரிப்போர்ட் கொண்டுவாருங்கள், அதிலும் அப்படியே வந்தால் டி.சி. தருகிறேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

தங்கைக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிகளுக்கு மருந்து செலுத்தும் வேலை. சீசன் நேரத்தில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். நானும் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரியில் சோதனை செய்தவர் ஒரு உளவியலாளர், இளம் பெண். பிள்ளை அம்மாவின் கையை விடாததால் எங்களையும் பின்னால் உட்காரவைத்தார். பேசக்கூடாது என்றார். அதற்குள் தங்கை குனிந்து சொல்லிவிட்டாள்: “அவசரப்படாத பாப்பா. எது குடுத்தாலும் மெதுவா வையி.”

வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டபோது, கேள்வி முடியுமுன்பே பதில் வந்தது. எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது சுவரிலிருந்த பல்லியைப் பற்றிச் சொன்னாள். பிறகு சிவப்பும் வெள்ளையுமான கட்டைகள் வந்தன. அட்டையில் உள்ள வடிவத்தைக் குறித்த நேரத்துக்குள் அடுக்க வேண்டும்.

நாற்காலிக்கடியில் கால்கள் ஓயாமல் ஆடின. கைகள் மட்டும் வேறு யாருடையவோ போல இருந்தன. ஒவ்வொரு கட்டையையும் தூக்கி, பக்கத்துக் கட்டையில் உரசாமல், மேலிருந்து இறக்கிவைத்தாள். சத்தமே இல்லை. நேரம் முடிந்தபோது கட்டைகள் மிச்சமிருந்தன. உளவியலாளர் அதைக் குறித்துக்கொண்டார். ஆனால் கட்டைகளை எடுக்காமல் காத்திருந்தார். வடிவம் சரியாக வந்தது. அடுத்ததும் அப்படியே.

“ஏன் இவ்வளவு மெதுவா வைக்கிற?”

“தேய்ச்சா தீப்பிடிக்கும்ல.”

“கட்டையா?”

“கட்டை பிடிக்காது. ஆனா அப்படித்தான் வைக்கணும்.”

தங்கை எழுந்து நின்றாள். “நாந்தான் டீச்சர் பழக்குனேன். கம்பெனியில எங்களுக்கு அப்படித்தான். இவ துறுதுறுன்னு திரியவும் வீட்டுலயும் சொல்லிச் சொல்லி வச்சேன்.”

“தப்பில்லம்மா. ஆனா இங்க வேகத்துக்கும் மார்க் உண்டு.”

“அப்ப பெயிலா?”

“இதுல பாஸ், பெயில் கிடையாது.”

மார்க்கை மாற்ற முடியாது, காரணத்தை எழுதலாம் என்றார். இந்தச் சோதனை மட்டும் துறுதுறுப்புக்கு என்ன பெயர் என்று சொல்லிவிடாது. பாடம் புரியாததால்தான் எழுந்து போகிறாளா என்ற கேள்விக்குத்தான் இது உதவும். மற்றதை வீட்டிலும் பள்ளியிலும் விசாரித்து டாக்டர் முடிவு செய்வார்.

அப்படியே நடந்தது. கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு, அறிவுத்திறனில் குறையில்லை என்று ரிப்போர்ட் வந்தது. நேரக்கணக்கு இருந்த பகுதியில் மார்க் குறைவு. கூடுதல் நேரம் கொடுத்தபோது எல்லா வடிவங்களையும் சரியாக முடித்தாள் என்றும் அதில் இருந்தது.

தலைமையாசிரியையின் கண் முதலில் மார்க்குக்குத்தான் போனது. பிறகு கீழே இருந்ததை இரண்டு முறை படித்தார். “டி.சி. வேண்டாம். முன் பெஞ்சுல இருக்கட்டும். எந்திரிச்சா போர்டைத் துடைக்கச் சொல்றேன்.”

பள்ளியிலிருந்து மூவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். அங்கே வந்துதான் தங்கை கேட்டாள்.

“பரீட்சையில வேகமா செய்யி, வீட்டுல மெதுவா வையின்னு சொன்னா இவளுக்குப் புரியுமாண்ணே?”

“புரியும். அதான் ரிப்போர்ட்லயே இருக்கே.”

“புரியும். ஞாபகம் இருக்கணும்ல.”

ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தாள். “மார்க் போனாப் போகுது, மெதுவாவே வைக்கட்டும்ணே” என்றாள். பிள்ளை அதற்குள் ரோட்டோரம் ஓடியிருந்தாள். தங்கை பின்னாலேயே ஓடினாள்.