ஸ்டெல்லா அக்காவின் ரிஜெக்ட் தட்டு

பொம்மனஹள்ளியில் பஸ் நிற்கவில்லை. எனக்குச் செய்தி அப்படித்தான் தெரிந்தது.

பிப்ரவரியிலிருந்து ஸ்டெல்லா அக்கா வேலைக்கு வரவில்லை. இருந்தும் கம்பெனி பஸ்ஸை ஓட்டும் வேலு அண்ணன் தினமும் காலையில் அவருடைய ஸ்டாப்பில் வண்டியை நிறுத்துவார். கதவு திறக்கும். யாரும் ஏற மாட்டார்கள். கதவு மூடும். எட்டு மாதம் இப்படி. ஏன் என்று பஸ்ஸுக்குள் ஒருவரும் கேட்டதில்லை. பின்னால் ஹார்ன் அடித்த லாரிக்காரர்கள் மட்டும் கேட்டார்கள், அவர்கள் பாஷையில்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த ஸ்டாப் ஜன்னலில் வந்தது, போனது. வேகம் குறையவில்லை. நான் எழுந்து முன்னால் போனேன்.

"அண்ணா, ஸ்டாப்பு..."

"உக்காரு பிரபு." அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விடிகாலைல போன் வந்துச்சு. இனிமே நிக்க வேணாம்."

போய் உட்கார்ந்தேன்.

ஸ்டெல்லா அக்காவுடன் வேலை செய்த உங்களுக்கு அவரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சுவிட்ச் செய்யும் நம் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில் பத்தொன்பது வருடம். கோலார் தங்க வயலில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. நாற்பத்தேழு வயதில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் அந்தோணி அண்ணாவும் அவரும் மட்டும். இவையெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன். நான் பாஸ் செய்த ஒரு பொருளைப் பற்றியது அது.

நம் பிரிவின் முதல் விதி, செய்தவரே தன் பொருளைப் பாஸ் செய்யக் கூடாது என்பது. இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்களுக்கு அது சுவரில் ஒட்டிய காகிதம். அக்காவுக்கு அப்படியல்ல. ஒருமுறை மஞ்சுநாத் ஒரு பெட்டி சுவிட்சைத் தானே பழுது பார்த்து, தானே பார்த்து அனுப்பிவிட்டார். அக்கா முழுப் பெட்டிக்கும் சிவப்பு மை வைத்தார்.

"மேடம், எல்லாம் சரியா இருக்கு. நீங்களே பாருங்க."

"பார்த்தேன். சரியாத்தான் இருக்கு."

"மத்தே, அப்புறம் ஏன் ரிஜெக்ட்?"

"நீங்களே பாஸ் பண்ணது சரி இல்லியே மஞ்சுநாத். செஞ்ச கண்ணுக்குத் தப்பு தெரியாது. தெரிஞ்சாலும் மனசு விடாது."

அந்தப் பெட்டி மறுபடி முதலிலிருந்து வந்தது. மஞ்சுநாத் ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. எட்டாம் நாள் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒவ்வொரு டிசம்பரிலும் அக்கா, தன்னையும் சேர்த்து, பிரிவின் நாற்பத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு குக்கீ செய்வார். வெண்ணெய், சர்க்கரை, மைதா. நட்சத்திர வடிவம். சிவப்பு ஐசிங்கின்மேல் வெள்ளையில் பெயர். நமக்குத் தமிழில், மஞ்சுநாத்துக்குக் கன்னடத்தில், பீகாரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தியில். "இந்தி ஈஸி பிரபு. மேல ஒரு கோடு போட்டு எல்லாத்தையும் தொங்க விட்டுடலாம். கன்னடம்தான் உசுர வாங்குது. எல்லாம் வளைவு."

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பரில், ஒரு ஞாயிறு மத்தியானம், வீட்டுக்கு வரச் சொன்னார். சாப்பிடுவதற்கு அல்ல. பார்ப்பதற்கு.

"நான் ஏன் அக்கா? நான் மேனுவல் எழுதுறவன்."

"நீ வந்து மூணு மாசந்தான் ஆவுது. எனக்கு நல்லவனா இருக்கணும்னு உனக்கு இன்னும் தோணல. அதான்."

சின்ன ஓவன். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு. பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுற்றி, மருதாணிக் கோன்போலப் பிடித்து, முதலில் ஓரம் வரைவார். அது காய்ந்த பிறகே நடுவில் இளகிய ஐசிங்கை ஊற்றுவார். "முதல்ல அணை. அப்புறந்தான் தண்ணி." கடைசியாகப் பெயர். எழுதி முடித்ததும் என் பக்கம் தள்ளுவார். மேசையில் இரண்டு தட்டுகள் இருக்கும். ஒன்று எவர்சில்வர், பாஸ் ஆனவற்றுக்கு. இன்னொன்று நீல விளிம்பு வைத்த பழைய எனாமல் தட்டு. கோலாரில் அவருடைய அப்பா சாப்பிட்டது. அது ரிஜெக்டுக்கு. அதன் அருகில் அந்தோணி அண்ணா டீ தம்ளருடன் உட்கார்ந்திருப்பார்.

"நல்லாக் கண்ணத் தொறந்து பாருப்பா," என்பார். "எனக்கு டீக்கு வேணும்."

முதலாவதைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றேன். அக்கா கோனைக் கீழே வைத்துவிட்டார்.

"அழகா இருக்குன்னு சொல்லாத. சரியா இருக்கா, அதச் சொல்லு."

மறுபடி பார்த்தேன். தமிழரசியின் ‘ழ’ ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் போல யார் முகமும் ஒரு குற்றம் கேட்டு மலர்ந்து நான் பார்த்ததில்லை. அன்று பத்தொன்பதை ரிஜெக்ட் செய்தேன். அத்தனையும் மறுபடி எழுதினார். அந்தோணி அண்ணாவுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வருடம் பதினான்கு.

அந்த இரண்டு வருடத்துக்குள் வேறொன்றும் நடந்தது. எனக்கு டெங்கு வந்தது. என் அறைக்குப் பத்து நாள் அக்காவின் கஞ்சி வந்தது, காலையில் பஸ்ஸுக்கு முன்பாக. பன்னிரண்டாம் நாள் நான் வேலைக்குப் போனபோது அவர் எனக்கு வெறும் ஒரு சக ஊழியர் அல்ல.

மூன்றாவது டிசம்பர்.

அன்று வெண்ணெய் கொஞ்சம் கருகிய வாசனை. வெளியே மேகம் மூடியிருந்தது. அக்கா கோனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இடையிடையே வலது கையின் விரல்களை மடக்கி, விரித்து, அவற்றை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். "குளிரு," என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

முதல் குக்கீ மஞ்சுநாத்தினுடையது. கன்னட எழுத்தின் வளைவுகள் வளையவில்லை. ஒவ்வொன்றும் சின்னச் சின்ன ஒடிவுகளாக இருந்தது. கோடு நெடுக ஒரு நடுக்கம்.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். இதை நான் மறைக்க விரும்பவில்லை.

"சரியா இருக்கா?"

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம், கலை வகுப்பில், உடைந்த கோடுதான் உண்மையான கோடு என்று படித்தவன். அதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன்.

"நல்லா இருக்கு அக்கா. போன வருஷத்தவிட நல்லா இருக்கு. அந்த நடுக்கத்துல ஒரு உயிர் இருக்கு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அழகா இருக்கான்னு கேக்கல பிரபு."

"சரியாத்தான் இருக்கு."

அதை எவர்சில்வர் தட்டில் வைத்தார். அடுத்ததையும். அதற்கடுத்ததையும். நாற்பத்திரண்டும் பாஸ். நீல விளிம்புத் தட்டு கழுவி வைத்தபடியே இருந்தது. அந்தோணி அண்ணா தம்ளரைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

"என்னா ஸ்டெல்லா, இந்த வருஷம் எனக்கு ஒண்ணுமே இல்லியா?"

நாங்கள் சிரித்தோம். மூன்று பேருமே சிரித்தோம்.

என் பெயர் எழுதிய நட்சத்திரத்தை நான் சாப்பிடவில்லை. ‘பிரபு’ என்ற மூன்று எழுத்தும் குளிரில் நடுங்குவதுபோல் இருந்தன. அழகு என்று எடுத்து டப்பாவில் வைத்தேன்.

பிறகு வந்த வருடத்தை நீங்களும் பார்த்தீர்கள். ரிஜெக்ட் சீட்டுகளில் அவர் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனது. அளவு பார்க்கும் கருவி தரையில் விழுந்தது, ஒரே வாரத்தில் மூன்று தடவை. பஸ் படியில் இடது காலை முதலில் வைத்தார். வேலு அண்ணன் மட்டும் ஒன்று செய்தார். கதவை மூடும் முன் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்தார். அவரும் வாயைத் திறக்கவில்லை. தவறு கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கும் நாற்பத்திரண்டு பேர் நாம்.

போன டிசம்பரில் என்னை அவர் கூப்பிடவில்லை. நானாகக் கேட்டேன்.

"இந்த வருஷம் எழுத்தே இல்ல பிரபு. எதப் பார்க்கப் போற?"

டப்பாவைத் திறந்தபோது நாற்பத்திரண்டு வெள்ளை நட்சத்திரங்கள். ஒரு பெயர்கூட இல்லை. சிவப்பும் இல்லை. நம்மில் சிலர் பழக்கத்தில் அவற்றைப் புரட்டிப் புரட்டித் தேடினோம். ஞாபகம் இருக்கிறதா?

"மேடம், நன் ஹெசரு எல்லி?" என்றார் மஞ்சுநாத். "என் பேரையே காணோம். வேலைய விட்டுத் தூக்கிட்டீங்களா?"

"தூக்கல. எல்லாம் ஒண்ணுதான், எது கெடைக்குதோ எடுங்க."

எடுத்தோம். நன்றாக இருந்தது என்றோம். எப்போதும்போல இனிப்பாகத்தான் இருந்தது.

பிப்ரவரியில், அசெம்பிளி லைனுக்குப் பக்கத்தில், அவருக்கு வலிப்பு வந்தது. மஞ்சுநாத்தும் நானும் ஆம்புலன்ஸில் போனோம். மூளையின் இடது பக்கத்தில் கட்டி, வலது கையை ஆட்டுவிக்கும் இடத்தை அழுத்திக்கொண்டிருக்கிறது என்றார்கள். மறுநாள் கட்டிலைச் சுற்றி நாங்கள் நின்றிருக்க, டாக்டர் கேட்டார். "கை எப்போலேர்ந்து இப்படி?"

"இந்தப் புது வருஷத்துலேர்ந்து," என்றார் அந்தோணி அண்ணா.

"இல்ல," என்றார் அக்கா. குரல் தெளிவாக இருந்தது. "போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ்."

என்னை அவர் பார்க்கவில்லை. டாக்டர் அதை எழுதிக்கொண்டார். அப்போதே வந்திருந்தால் அது சின்னதாக இருந்திருக்கும் என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு, ஜூன் மாதம், வீட்டில் அவர் படுத்திருந்தபோது போனேன். அந்தோணி அண்ணா மருந்து வாங்க வெளியே போயிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆரம்பித்தேன்.

"அக்கா, அன்னைக்கு நான் கோணல்னு சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா போயிருப்பேன்." வார்த்தைகள் மெதுவாக வந்தன. "ஆனா உன்னக் கூப்பிட்டது நான்தானே. கஞ்சி குடிச்சவன், நீ என்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியாதா? மஞ்சுநாத்தக் கூப்பிட்டிருந்தா பட்டுனு சொல்லியிருப்பான்."

ஏன் அவரைக் கூப்பிடவில்லை என்று நான் கேட்கவில்லை.

"பயம்," என்றார் அவரே. பிறகு, "நீயும் பாஸ் பண்ண. நானும் பாஸ் பண்ணேன். அழுவாத, தலகாணி நனையுது."

அது அவருடைய தலையணை. குனிந்திருந்தது நான்.

இப்போது மறுபடி டிசம்பர். போன ஞாயிறு அந்தோணி அண்ணா போன் செய்தார். "வீட்டுக்கு வாப்பா. ஒரு வேலை இருக்கு." போனேன். மேசையில் மாவு, கத்தரித்த பட்டர் பேப்பர், நாற்பத்தோரு பெயர் எழுதிய பட்டியல். லிஃப்ட் கம்பிகளை இழுத்துப் பழகிய கைகள். கோன் அந்தக் கைக்குள் காணாமல் போயிருந்தது. இரண்டு தட்டுகளும் அவற்றின் இடத்தில் இருந்தன.

முதல் நட்சத்திரத்தை என் பக்கம் தள்ளினார்.

"சரியா இருக்கா?"

கண் சிவந்திருந்தது. சவரம் செய்யவில்லை. அவர் மனம் குளிர ஒன்று சொல்ல வேண்டும்போல இருந்தது. அழகாக இருக்கிறது என்ற வார்த்தை நாக்கில் வந்து நின்றது.

"கோணல் அண்ணா."

"எங்க?"

"எல்லா எடத்துலயும்."

அவர் அதை எடுத்து நீல விளிம்புத் தட்டில் வைத்தார். அதன்பிறகு, கேட்கச் சங்கடமாக இருந்தும், அவருடைய இரண்டு கைகளையும் மேசைக்குமேல் நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நீட்டினார். வெகுநேரம் பார்த்தேன். நடுக்கம் இல்லை. பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் முப்பது ரிஜெக்ட். மீதிக்கு அடுத்த ஞாயிறும் போக வேண்டும். உங்கள் கைக்கு வரும்போது பெயரைப் பாருங்கள். கோணலாக இருந்தால் அவரிடம் நேராகச் சொல்லுங்கள். எழுதிய கை தடுமாறுவதுபோலத் தோன்றினால் அதையும் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் பையிலிருந்து என் டப்பாவை எடுத்தேன். இரண்டு வருடமாக வைத்திருந்த நட்சத்திரம். சிவப்பு வெளுத்திருந்தது. ‘பிரபு’ அப்படியே நடுங்கிக்கொண்டிருந்தது. நீல விளிம்புத் தட்டிலிருந்ததை எல்லாம் அந்தோணி அண்ணா வேறொரு டப்பாவுக்கு மாற்றியிருந்தார். காலித் தட்டின் நடுவில் அதை வைத்தேன்.

அவர் அதைப் படித்தார். யார் கையெழுத்து என்று தெரிந்துகொண்டார். கோடு நெடுகக் கண்ணை ஓட்டினார். அவருக்கு அது அன்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெரிந்திருக்காது.

"அன்னைக்கே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அண்ணா."

தம்ளரிலிருந்த ஆறிய டீயைக் குடித்து முடித்தார். பிறகு தட்டை, அதிலிருந்த நட்சத்திரத்தோடு, என் பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போ. அவ அப்பாவோட தட்டு. உடையாது."

ஸ்டெல்லா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான். என் மேசையில் இருக்கிறது. நான் எதையாவது பார்த்து அழகு என்று சொல்ல வாயெடுக்கும்போது, அதில் தனியாகக் கிடக்கும் அந்த மூன்று எழுத்தை முதலில் பார்க்கிறேன்.