பீடத்துக்கு முன்னால் ஒரு வாழைத்தார்

ஞாயிறு பள்ளி டீச்சர் வேலையில் ஒரு வசதி உண்டு: சபையில் யாருக்கு யாரோடு ஆகவில்லை என்பது போதகருக்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிடும், அந்த வீட்டுப் பிள்ளைகள் தள்ளித் தள்ளி உட்காரும். வாராவாரம் தொண்டை வறளக் கத்துகிற சக டீச்சர்களே, உங்களுக்குத் தெரியாததா! நான் வாரநாளில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி எம்.ஏ. படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் வகுப்போடு மல்லுக்கட்டுகிறேன்.

கை கொடுத்தல்

ஒரு ஞாயிறு பாடம் சமாதானம். பாதிப் பாடத்தில் ஷைனி, பக்கத்திலிருந்த பெனிட்டாவை நறுக்கென்று கிள்ளிவிட்டாள். பாடத்துக்கு நல்ல உதாரணம் கிடைத்ததென்று எனக்குக் குஷி. அழுதுகொண்டிருந்த பெனிட்டாவை எழுப்பி, "நீ ஏசப்பா பிள்ளைதானே, போய்க் கை கொடு" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "டீச்சர், கிள்ளுனது அவ. நான் எதுக்கு மொதல்ல போணும்?"

நட்சத்திரக் கோலம்

இரண்டாம் வகுப்பு டீச்சர் ரூபி அக்கா. மில்லில் வேலை, சொந்த ஊர் சோழபுரம், குடியிருப்பது கோயிலுக்குப் பின்தெருவில், ஞானஸ்நானம் வாங்கிச் சில வருஷம்தான் ஆகிறது. கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஆசையாகக் கோயில் வாசலில் கலர்ப்பொடியால் பெரிய நட்சத்திரக் கோலம் போட்டார். சபைச் செயலர் சாம்சன் ஐயா, அறிவிப்போடு அறிவிப்பாக மைக்கில், "நேத்து வந்தவங்களுக்கு நம்ம ஒழுங்கு எங்க தெரியப்போகுது" என்றார். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். அன்றோடு ரூபி அக்கா கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

ஆள் மாற்றி ஆள் அக்கா வீட்டுக்குப் போய், "மன்னிச்சு விட்ரும்மா, அதான கிறிஸ்தவம்" என்று ஜெபம் பண்ணி, டீயும் குடித்துவிட்டு வந்தார்கள். சாம்சன் ஐயா வீட்டுக்கு ஒருத்தரும் போகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் போனபோது அக்கா சொன்னார்: "மன்னிக்கிறதெல்லாம் அன்னைக்கே மன்னிச்சாச்சு ஜெனி. ஆனா நான் இந்தக் கோயில் ஆளு இல்லைன்னு மைக்குல சொல்லிட்டாவளே, எந்த மொகத்த வச்சுக்கிட்டு உள்ள வர?"

கமிட்டியில் நான்

அறுவடைப் பண்டிகைக் கமிட்டியில் பேச்சு ரூபி அக்கா பக்கம் திரும்பியது. "அவ வந்து பேசட்டும், நான் ஒண்ணும் மனசுல வைக்கல" என்றார் சாம்சன் ஐயா, பெருந்தன்மையாக. எழுந்து கேட்டுவிட்டேன்: மன்னிப்பது புண்பட்டவர் கடமை, சரி. புண்படுத்தியவருக்குக் கடமையே கிடையாதா? காணிக்கை செலுத்தப் போகும்போது, நம்மேல் ஒருத்தருக்குக் குறை இருப்பது ஞாபகம் வந்தால், அதை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு ஒப்புரவாகச் சொன்னாரே ஆண்டவர், அது யாருக்கு? ரூபி அக்காவுக்கா, உங்களுக்கா?

ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டி, உங்கப்பன் ஒன்னய படிக்க அனுப்புனானா, எங்கூட மல்லுக்கு நிக்க அனுப்புனானா?"

அறுவடைப் பண்டிகை

அவரவர் விளைச்சலில் முதல் பங்கைப் பீடத்தில் வைக்கிற நாள். சாம்சன் ஐயா செட்டியார்பட்டித் தோப்பில் வெட்டிய வாழைத்தாரைத் தோளில் சுமந்து வந்தார். பீடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றார். தாரை நடைபாதையிலேயே இறக்கினார். திரும்பி விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்! பாடகர் குழு என்ன செய்வதென்று தெரியாமல் முதல் சரணத்தையே திரும்பத் திரும்பப் பாடியது. போதகர் காத்திருந்தார்.

ஐயா திரும்பி வந்தார், கூடவே ரூபி அக்கா. நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கியவர், கொண்டையைக்கூடச் சரியாகப் போடவில்லை. ஐயா மைக்கைப் பிடித்தார். "மைக்குல பேசுனதுக்கு மைக்குலதான் கேக்கணும். ரூபி இந்தக் கோயில் பிள்ளை. நான் பேசுனது தப்பு. மன்னிச்சிரும்மா." கோயிலே கைதட்டியது. நான் விசில் அடித்ததாக அம்மா சொல்வது பொய், தெரிந்திருந்தால் அடித்திருப்பேன். அழுகையும் சிரிப்புமாக ரூபி அக்கா சொன்னது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது: "மொதல்ல அந்தத் தார மேல தூக்கி வைங்க ஐயா, பிள்ளைங்க தடுக்கி விழுந்துராம."

சமாதானம் பண்ணுகிறவர்களுக்குப் பாக்கியம் உண்டுதான், ஆனால் அதற்கு முன்னால் நியாயம் கேட்டுச் சண்டை போடவும் சபைக்கு ஒருத்தி தேவைப்படுகிறாள், அந்த ஊழியத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்.