பூட்டிய பட்டறைக்குள் அராவியது யார்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. தூக்கக் கலக்கத்தில் எதையோ பார்த்துவிட்டு உளறுகிறேன் என்றும் நினைக்காதீர்கள். இது சாமத்தில் நடந்ததும் இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, பொழுது சாய்வதற்குள் நடந்தது. என் மனைவியின் காதிலும் விழுந்தது. வேண்டுமானால் அவளையே கேட்கலாம். ஆனால் கேட்காதீர்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

பழைய பைக்குகளைப் பிரித்துப் பூட்டுவதுதான் என் பிழைப்பு. வீட்டின் பின்புறம் தகரக் கூரை போட்ட பட்டறை. ஒரே கதவு. ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, புகை போக மேலே ஒரு கம்பி வலை மட்டும்தான். உதவிக்கு ஆள் கிடையாது. என் கை படாத வேலை எனக்குப் பிடிக்காது.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பேக்கரியில் ரொட்டி போடுகிறவள். புருவத்தில்கூட மாவு ஒட்டியிருந்தது. வண்டி அவளைவிட வயதில் மூத்தது. ஆனால் என்ன பளபளப்பு! யாரோ குழந்தையைப் போல வைத்து வளர்த்த வண்டி.

"அண்ணே, கிளட்ச்சை முழுசா பிடிச்சாலும் வண்டி முன்னாடியே இழுக்குதுண்ணே."

"எப்போ இழுக்குது? சூடானப்புறமா?"

"எப்பவும்தான். நான் விடியக்காலைல வேலைக்குப் போகணும். வழியில ரயில்வே கேட். கேட் போட்டிருந்தா அங்க நிக்கிறதுக்குள்ள உயிர் போய் உயிர் வருது."

"யாரு வண்டிம்மா இது?"

"எங்க அண்ணன் வண்டி. அவரு நல்லா இருந்த வரைக்கும் வேற யாரையும் இதுல கைவைக்க விடமாட்டாரு."

அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் கேட்கவில்லை.

மறுநாள் ஆயிலை வடித்து, மூடியைக் கழற்றி, கிளட்ச் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். அந்தத் தகடுகள் எல்லாம் ஒரு கூடைக்குள் அடுக்கியிருக்கும். பேஸ்கெட் என்போம். அலுமினியத்தில் செய்தது. அதன் விளிம்பில் சுற்றிலும் விரல்களைப் போலத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். கிளட்ச்சைப் பிடித்தால் தகடுகள் அந்த விரல்களுக்கு நடுவில் வழுக்கி விலக வேண்டும். இந்தப் பேஸ்கெட்டில் விரல் ஒவ்வொன்றிலும் வரிவரியாகப் பள்ளம். தகடுகள் பள்ளத்தில் மாட்டிக்கொள்கின்றன. எப்படி விலகும்? வண்டி எப்படி நிற்கும்?

பள்ளம் லேசாக இருந்தால் அரத்தால் அராவிச் சமன் செய்யலாம். இது ஆழமான பள்ளம். அரத்துக்கு அடங்காது. வேறு பேஸ்கெட் போட்டே ஆக வேண்டும்.

வேறு பேஸ்கெட் என்னிடம் இருந்தது.

இதே மாடலில் எனக்கும் ஒரு வண்டி உண்டு. அதற்காகப் பல வருடம் அலைந்து வாங்கிய புத்தம் புது பேஸ்கெட். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, என் பீரோவில் துணிமணிக்கு அடியில் வைத்திருந்தேன். "பேசாம அதையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க" என்று மனைவி கேலி செய்வாள்.

அன்று சாயங்காலம் பேக்கரிப் பெண் போன் செய்தாள்.

"பார்ட்ஸ் கிடைச்சுதாண்ணே?"

"எங்கயும் இல்லம்மா. நாலு இடத்துல கேட்டுட்டேன். இருக்கறதையே அராவித் தர்றேன். ஓடும்."

"ஓடும்ல?"

"ஓடும் ஓடும்."

ஓரிடத்திலும் நான் கேட்டிருக்கவில்லை. வார்த்தை நாக்கில் அவ்வளவு சுலபமாக வந்தது. போனை வைத்துவிட்டு அரத்தை எடுத்தேன்.

இரண்டு விரல்களை மட்டும் அராவினேன். அதுவும் அரைமனதாக. மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று பேஸ்கெட்டைத் தட்டில் வைத்துவிட்டு, பட்டறையைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

காலையில் திறந்தேன்.

பேஸ்கெட் தட்டில் இல்லை. வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பூட்டியிருந்தது. நான்கு விரல்கள் அராவியிருந்தன.

நான் அராவியது இரண்டுதான். அது நன்றாக நினைவிருந்தது. மற்ற இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி. என் கைவேலை அவ்வளவு நேர்த்தி கிடையாது. நான் எப்போதும் வைஸின் வலப்பக்கம் அரத்தை வைப்பேன். அது இடப்பக்கம் கிடந்தது.

மனைவியிடம் போய்க் கேட்டேன். "உன் தம்பி வந்தானா?"

"அவன் ஊர்லயே இல்லையே. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

நானே செய்துவிட்டு மறந்திருப்பேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வயதாகிறது அல்லவா. அன்று முழுக்க அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. வேறு வேலை பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூடப் பொய். ஒரே நட்டை மூன்று முறை கழற்றி மாட்டினேன்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்கு மேல் வானம் அப்படியே கறுத்துவிட்டது. கரண்டும் போனது. சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்திருந்தேன். தூங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாலு இருபது.

மழை சற்றே ஓய்ந்தது. அப்போதுதான் கேட்டது.

கர்ர்... கர்ர்...

நிறுத்தம்.

கர்ர்... கர்ர்...

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். என் பட்டறையில், என் அரம், அலுமினியத்தின் மேல் ஓடுகிற சத்தம்.

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். கையில் கரண்டி.

"ஏங்க... நீங்க இங்க இருக்கீங்க. அங்க யாரு?"

குடையையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அவள் வாசற்படியோடு நின்றுவிட்டாள்.

கதவில் பூட்டு தொங்கியது. நான் பூட்டியபடியே.

உள்ளே சத்தம் நிற்கவில்லை.

கர்ர்... கர்ர்...

அவசரமே இல்லாத சத்தம். வேலை தெரிந்தவன், வேலையில் மூழ்கியவன் எழுப்புகிற சத்தம். அதைக் கேட்டதும் எனக்குப் பயத்தைவிட முதலில் வந்தது என்ன தெரியுமா? வெட்கம். நான் செய்ய வேண்டிய வேலையை வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள்.

பூட்டைத் திறந்தேன். கதவைத் தள்ளினேன்.

சத்தம் நின்றது.

உள்ளே இருட்டு. டார்ச்சை அடித்தேன். வைஸ். அதில் பேஸ்கெட். பக்கத்தில் அரம். தொட்டேன்.

சூடாக இருந்தது.

டார்ச் வெளிச்சத்தில் வெள்ளையாக அலுமினியத் துகள்கள் மினுங்கின. காற்றில். இன்னும் கீழே படியவில்லை.

"யாரு?"

வண்டிக்கு அந்தப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பினேன்.

ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

முதுகு மட்டும் தெரிந்தது. சட்டை இல்லை. எலும்பும் தோலும். முதுகெலும்பு ஒவ்வொன்றையும் எண்ணலாம். இடுப்புக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அதன் மேல் பஞ்சும் பிளாஸ்திரியும்.

அவன் திரும்பவில்லை.

இடது கை மட்டும் மெல்ல எழுந்தது. ஹேண்டிலைத் தேடியது. கிளட்ச்சைப் பிடித்தது.

விட்டது.

பிடித்தது.

பிறகு ஒரு குரல். காய்ந்த தொண்டையிலிருந்து. பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல்.

"அவ... விடியக்காலைல... கேட்ல நிக்கணும்..."

டார்ச் கை நழுவியது.

எடுத்து அடித்தேன்.

யாரும் இல்லை.

மனைவி கூப்பிட்ட குரல் கேட்டுத்தான் உடம்பில் அசைவு வந்தது. வைஸில் இருந்த பேஸ்கெட்டைக் குனிந்து பார்த்தேன். எல்லா விரல்களும் அராவியிருந்தன. ஒரு பள்ளம்கூட இல்லை. ஆனால் பள்ளம் போகிற வரைக்கும் அராவியதில் விரல்கள் தேய்ந்து மெலிந்துவிட்டன. இதைப் போட்டால் ஒரே நாளில் உடையும். அரத்தால் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. அவனுக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் அவனிடம் வேறு என்ன இருந்தது? புதுசு இருந்த பீரோ என்னுடையது அல்லவா.

நேராக வீட்டுக்குள் போனேன். துணிமணியை வாரிக் கீழே போட்டு எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தேன்.

மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். "யாருக்கும் குடுக்க மாட்டேன்னீங்களே?"

"நீ கொஞ்சம் பட்டறை வாசல்ல வந்து உட்காரு. நான் முடிக்கிற வரைக்கும் எழுந்து போயிடாத."

அவள் உட்கார்ந்தாள். கதவை விரியத் திறந்துவைத்துக்கொண்டு, புது பேஸ்கெட்டை மாட்டி, தகடுகளை அடுக்கி, மூடியைப் பூட்டி ஆயில் ஊற்றினேன். கரண்ட் வந்திருந்தது. வண்டியை உதைத்து, கிளட்ச்சைப் பிடித்து, முதல் கியரில் போட்டேன். அசையாமல் நின்றது.

மறுநாளே பேக்கரிப் பெண்ணை வரச்சொல்லி வண்டியைக் கொடுத்தேன். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"புதுசு போட்ட மாதிரியே இருக்குண்ணே!"

"புதுசுதாம்மா. தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட கிடைச்சுது."

பாருங்கள், அப்போதும் பொய்தான் வந்தது. அவள் எனக்குக் கையெடுத்துக் கும்பிடு போட்டாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவள் போனதும் பட்டறையைப் பூட்டினேன். அதன்பின் வேலையெல்லாம் வீட்டு வாசலில்தான்.

ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது.

"அண்ணே, ஒருநாள் வீட்டுக்கு வாங்க. எங்க அண்ணன்கிட்ட உங்களைப் பத்திச் சொன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க அண்ணனா? அவர்... இருக்காரா?"

"என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க? படுத்த படுக்கையா இருக்காரு. பேச்சும் இல்ல. கண்ணு மட்டும்தான். கண்ண மூடித் திறந்தா சரின்னு அர்த்தம்."

போகாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. போனேன்.

சின்ன வீடு. உள்ளறையில் ஜன்னலோரம் கட்டில். கழுத்து வரை போர்வை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் என் பக்கம் திரும்பின.

"கேட்லதாண்ணே இப்படி ஆச்சு" என்றாள் அவள். "கிளட்ச் விலகலன்னு அவருக்கே தெரியும். அடுத்த வாரம் பிரிச்சுப் பாக்கறேன், அடுத்த வாரம் பிரிச்சுப் பாக்கறேன்னு தள்ளிப்போட்டுட்டே இருந்தாரு. ஒருநாள் கேட் மூடியிருந்தப்போ வண்டி நிக்காம உள்ள இழுத்துட்டுப் போயிருச்சு. வண்டிக்குப் பெருசா ஒண்ணும் ஆகல, இத்தனை வருஷம் துடைச்சு மூடி வெச்சிருந்து இப்பதான் ஓட்ட எடுத்தேன்."

கட்டு மாற்றும் நேரம் என்று சொல்லி அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். போர்வை விலகியது.

எலும்பும் தோலுமான முதுகு. இடுப்புக்கு மேல் பஞ்சும் பிளாஸ்திரியும்.

அவள் காப்பி போட உள்ளே போனாள். அறையில் நாங்கள் இருவர்தான். கட்டிலருகே குனிந்தேன்.

"நல்லதையே போட்டுட்டேங்க. முதல்லயே போட்டிருக்கணும். வெச்சுக்கிட்டே இல்லன்னு சொன்னேன். தப்புதான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணை மூடவில்லை. ஒருமுறைகூட.

காப்பியோடு வந்த பேக்கரிப் பெண், அண்ணனின் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தாள். அந்தக் கை அவள் மடியில் உயிரில்லாமல் கிடந்தது.

"இந்தக் கையில ஒரு அசைவு பாத்து எத்தனையோ வருஷமாச்சு. ஆனா இங்க பாருங்கண்ணே, நகத்துக்குள்ள வெள்ளையா ஏதோ தூள். மினுங்குது. ஆயில் வாசனைகூட வருது. டாக்டருக்கும் தெரியல."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். "எப்போலேர்ந்து?"

"அந்தப் பெரிய மழை பெஞ்சுதே, அந்த வாரத்துலேர்ந்து. தினம் காலைல நல்லா கழுவிவிடறேன். சாயங்காலம் பாத்தா மறுபடியும் இருக்கு. நேத்தும் இருந்துச்சு. இன்னிக்கும் இருக்கு."

தேய்ந்துபோன அந்தப் பேஸ்கெட் பட்டறைக்குள்தான் இருக்கிறது. வைஸில் பூட்டியபடி. வண்டியைக் கொடுத்த நாளிலிருந்து நான் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை.